பேய்க்கதையும் மாயப் புனைவும் எழுதுவோருக்கு: விதி ஏட்டிலிருந்து புத்தகக் காட்சி வரை முழுமையான வழிகாட்டி

தமிழில் ஒரு திகில் நாவலையோ மாயப் புனைவையோ எழுதி, அச்சிட்டு, வாசகர் கையில் சேர்ப்பது வரையிலான வேலைகளை அவை நடக்க வேண்டிய வரிசையிலேயே இங்கே சொல்கிறேன். புதிதாக வருபவர்களில் எழுதத் தெரியாதவர்கள் குறைவு. அவர்களைக் கவிழ்ப்பது வரிசைப் பிழைதான். கதை முடியும் முன்பே அட்டைப்படம் வெளியாகிவிடுகிறது. பக்க எண்ணிக்கை தெரியும் முன்பே விழாவுக்கு மண்டபம் பேசப்படுகிறது. ஒப்பந்தத்தைப் படிக்கும் முன்பே கையெழுத்து விழுந்துவிடுகிறது.

1. நாள்காட்டியைப் பின்னோக்கி எண்ணுங்கள்

தமிழ்ப் பதிப்புலகின் ஆண்டு, பபாசி என்ற புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கம் நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சியைச் சுற்றியே அமைகிறது. அது பொங்கல் விடுமுறையை ஒட்டி, அண்மை ஆண்டுகளில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடந்துவருகிறது. ஆகவே திட்டத்தை ஜனவரியில் தொடங்கிப் பின்னோக்கி எண்ண வேண்டும்.

டிசம்பரில் அச்சகங்கள் எல்லாப் பதிப்பகங்களின் வேலையாலும் நிறைந்திருக்கும். சிவகாசியில் அச்சிட நினைத்தால், அங்கே நாட்காட்டியும் டைரியும் ஓடும் பருவம் அது. எனவே அச்சுக்குரிய கோப்பு நவம்பர் முடிவதற்குள் தயாராக இருக்க வேண்டும். அதற்குமுன் பக்க வடிவமைப்புக்கும் அட்டைக்கும் அக்டோபர், மெய்ப்புக்கு, அதாவது பிழை திருத்தத்துக்கு, ஆகஸ்டும் செப்டம்பரும், முதல் வாசகர்களுக்கு ஜூனும் ஜூலையும் என்று ஒதுக்கினால், கதை மே மாதத்துக்குள் முடிந்திருக்க வேண்டும் என்பது தெரியவரும்.

இந்தக் கணக்குக்குள் வராத நாவலை ஜனவரிக்குள் திணிக்காதீர்கள். ஈரோட்டில் ஆகஸ்டில் பெரிய புத்தகத் திருவிழா நடக்கிறது. மாவட்டந்தோறும் அரசு நடத்தும் புத்தகக் காட்சிகளும் உண்டு.

2. எழுதும் நேரத்தையும் விற்கும் நேரத்தையும் பிரித்து வையுங்கள்

முதலில் வருமானக் கணக்கு. 300 ரூபாய் விலையுள்ள நாவலுக்கு 10 சதவீத ராயல்டி என்றால் ஒரு பிரதிக்கு 30 ரூபாய். 500 பிரதிகள் விற்று முடிந்தால் 15,000 ரூபாய். இந்தத் தொகையை வைத்துக்கொண்டு யாரும் மாதச் சம்பளத்தை விட முடியாது. எனவே பெரும்பாலான எழுத்தாளர்களின் வேலைநாள், பிழைப்புக்கான வேலைக்கு முன்னோ பின்னோ கிடைக்கும் ஒன்றிரண்டு மணி நேரம்தான்.

அந்த நேரத்துக்குள் விளம்பர வேலை நுழைந்தால் முதலில் சாவது எழுத்துதான். முகநூலில் ஒரு பதிவு போட்டவர், அதற்கு வந்த பின்னூட்டங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அன்றைய அத்தியாயம் அப்படியே நிற்கும். விளம்பரத்துக்கு வாரத்தில் ஒரு நாளைத் தனியாக ஒதுக்கி, மற்ற நாட்களில் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும் வழி.

நள்ளிரவில் எழுதினால்தான் திகில் வரும் என்பது பேட்டிகளுக்கான பேச்சு. நிலையான நேரம் முக்கியம். அது காலை ஐந்து மணியாக இருந்தாலும் பேய் வரும்.

3. முதல் அத்தியாயத்துக்கு முன் விதி ஏடு

ஒரு தனி நோட்டில், உங்கள் கதையின் அமானுஷ்ய சக்தியால் என்ன முடியும், என்ன முடியாது, அது எதை விலையாகக் கேட்கிறது, அதைப் பற்றி எந்தப் பாத்திரத்துக்கு எவ்வளவு தெரியும் என்ற நான்கையும் எழுதுங்கள். இந்த வகை நாவலில் வாசகர் நம்புவது பேயை அன்று, அந்தப் பேய்க்கு நீங்கள் விதித்த எல்லையை. புளியமரத்து முனி அந்த மரத்தின் நிழலைத் தாண்டாது என்று இரண்டாம் அத்தியாயத்தில் சொல்லிவிட்டு, பத்தொன்பதாம் அத்தியாயத்தில் அது நாயகி வீட்டுக் கதவைத் தட்டினால், அதுவரை பயந்துகொண்டிருந்தவர் அந்த இடத்தில் சிரித்துவிடுவார். அது கதவைத் தட்டியே ஆக வேண்டுமென்றால், அந்த மரத்தின் பலகையில்தான் அந்தக் கதவு செய்யப்பட்டது என்பதற்கான குறிப்பு ஐந்தாம் அத்தியாயத்திலாவது கிடக்க வேண்டும். விதி ஏடு இருந்தால் இந்த ஓட்டை முதலிலேயே கண்ணில் படும்.

மாயப் புனைவுக்கு இதே ஏட்டில் பெயர்ப் பட்டியலும் வேண்டும். கற்பனை ஊர்களுக்குப் பெயர் வைப்பவர்கள், அந்தப் பெயர் வேற்றுமை உருபை ஏற்கும்போது என்ன ஆகும் என்று சோதிப்பதில்லை. ஊருக்குக் ‘கருங்கோடு’ என்று பெயர் வைத்து, அதே நாவலில் கோட்டை ஒன்றும் இருந்தால், ‘படை கருங்கோட்டை நெருங்கியது’ என்ற வாக்கியத்தில் படை ஊரை நெருங்கியதா, கரிய கோட்டையை நெருங்கியதா என்று வாசகர் தடுமாறுவார். ஒவ்வொரு பெயரையும் ‘இல்’, ‘ஐ’, ‘உக்கு’ சேர்த்து எழுதிப் பார்த்த பிறகே உறுதிசெய்யுங்கள்.

ஏட்டின் கடைசிப் பக்கத்தில், நாவலின் மையத்தை இருபது சொற்களுக்குள் ஒரே வாக்கியமாக எழுதி வையுங்கள். பின்னட்டை, மின்னூல் விவரம், அரங்கில் நிற்பவருக்கு நீங்கள் வாயால் சொல்லும் அறிமுகம் எல்லாமே பிறகு இந்த வாக்கியத்திலிருந்துதான் வரப்போகின்றன. அதை எழுத முடியவில்லை என்றால், கதை இன்னும் முடிவாகவில்லை என்று பொருள்.

4. தெய்வத்தையும் பேயையும் குழப்பாதீர்கள்

தமிழ்த் திகில் கதைக்கான வளம் நாட்டார் மரபில் கொட்டிக்கிடக்கிறது. தவறு நடப்பதும் அங்கேதான். தென்மாவட்டங்களில் கொடை விழாவும் வில்லுப்பாட்டும் பெறும் சுடலைமாடனும், ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலில் கோயில் கொண்டிருக்கும் இசக்கியும், இன்றும் மக்கள் நேர்ந்துகொண்டு கும்பிடும் தெய்வங்கள். அவர்களை வெறும் ரத்தவெறிப் பிசாசாக எழுதுவது அந்த மக்களைப் புண்படுத்தும், கதையும் தட்டையாகிவிடும். அநியாயமாகக் கொல்லப்பட்டவர் தெய்வமாக எழுவதே இந்த மரபின் ஆழம். யார், எதற்காக, யாரால் கொல்லப்பட்டார் என்ற கேள்விக்குள் சாதியும் நிலமும் பெண்ணின் நிலையும் பொதிந்திருக்கின்றன. அதைத் தொடாமல் வெள்ளைச் சேலையை மட்டும் எடுத்துக்கொண்டால், வாசகர் பலமுறை பார்த்த திரைப்படத்தைத்தான் மீண்டும் எழுதுவீர்கள்.

பாதுகாப்பான வழி ஒன்று உண்டு. பெயரையும் கோயிலையும் விட்டுவிட்டு, மரபின் அமைப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கொல்லப்பட்ட பெண் பேயாக வந்து வணிகனைப் பழிவாங்கும் பழையனூர் நீலி கதையில் பயத்தைவிடக் கனமாக நிற்பது, அவன் உயிருக்குப் பொறுப்பேற்றுக் கொடுத்த வாக்குக்காக வேளாளர் எழுபது பேர் தீப்பாய்ந்தது. ‘வாக்குக் கொடுத்தவர்களும் பொறுப்பேற்க வேண்டும்’ என்ற அந்த அமைப்பை இன்றைய அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்குள் வைத்துப் பார்க்கலாம்.

தரவுக்குச் சென்னை தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எழும்பூர் கன்னிமாரா நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் ஆகியவை போதும். கோயிலுக்கு நேரில் போனால் அனுமதி கேட்டுவிட்டே படம் எடுங்கள். சாமியாடுபவரின் முகத்தைப் பின்னாளில் விளம்பரத்துக்குப் பயன்படுத்தாதீர்கள்.

5. முதல் படியும் முதல் வாசகர்களும்

முதல் படியை, அதாவது முதல் வரைவை, நிறுத்தாமல் எழுதி முடித்துவிடுங்கள். திகில் கதையில் முடிவு தெரிந்த பிறகுதான் தொடக்கத்தில் எதை மறைக்க வேண்டும் என்பது தெரியும். அதனால் முதல் மூன்று அத்தியாயங்களையே திரும்பத் திரும்பச் செதுக்குவது வீண் உழைப்பு.

திருத்தும்போது ‘திடீரென்று’, ‘பயங்கரமான’, ‘அமானுஷ்யமான’, ‘வினோதமான’ என்ற சொற்களைத் தேடி, வரும் இடங்களிலெல்லாம் நின்று யோசியுங்கள். ‘பயங்கரமான உருவம் ஒன்று திடீரென்று தோன்றியது’ என்பது வாசகரைப் பயப்படச் சொல்லிக் கேட்டுக்கொள்ளும் வாக்கியம். ‘காற்றே இல்லாத அந்த மத்தியானத்தில், கொடியில் கிடந்த சேலை தானாக ஒரு மடிப்பு மடிந்தது’ என்றால், கேட்டுக்கொள்ளத் தேவையில்லை.

முதல் வாசகர்களாக மூன்று வகையினரைத் தேடுங்கள்: இந்த வகைக் கதைகளை விரும்பிப் படிப்பவர், படிக்கவே படிக்காதவர், கதை நடக்கும் வட்டாரத்தைச் சேர்ந்தவர். ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் ‘அருமை’ என்ற பதில்தான் வரும். ‘எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள்? முடிவை எப்போது ஊகித்தீர்கள்?’ என்று கேளுங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் ஊகித்திருந்தால், அந்த இடத்துக்கு முன்னால் எங்கோ நீங்கள் அதிகமாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

6. எழுத்துருவும் மெய்ப்பும்

கதையை முதல் எழுத்திலிருந்தே யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருவில் அடித்துப் பிறகு மாற்றினால் கொம்பும் துணைக்காலும் அங்கங்கே இடம் மாறும்.

யூனிகோடிலும் கண்ணை ஏமாற்றும் பிழை ஒன்று இருக்கிறது. ‘மௌனம்’ என்பதில் வருவது ஔகாரக் குறி. அதற்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ளகரமும் போட்டு ‘மெளனம்’ என்று அடித்தாலும் திரையில் ஏறத்தாழ அதே போலத் தெரியும். ஆனால் மின்னூலில் தேடினால் அது அகப்படாது. கணினிக் குரல் அதை ‘மெ-ள-னம்’ என்று படிக்கும். திகில் நாவலில் மௌனம் எத்தனை இடத்தில் வரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ‘கெள’, ‘மெள’, ‘செள’, ‘பெள’ என்று தேடி ஒவ்வொன்றாகப் பாருங்கள். மொத்தமாக மாற்றினால் ‘மெள்ள’ என்பதும் கெட்டுவிடும்.

மெய்ப்பை நீங்களும் இன்னொருவரும் தனித்தனியே பார்க்க வேண்டும். எழுதியவர் கண்ணுக்கு, தான் எழுத நினைத்ததே தெரியும். உங்கள் முறையில் கணினிக் குரலைப் படிக்கவிட்டுக் கேளுங்கள். கண் தாண்டிப்போகும் ஒற்றுப்பிழை காதில் சிக்கும். வடிவமைப்பாளர் இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்தால், இந்திய மொழிகளுக்குரிய பத்தி அமைப்பியைத் தேர்ந்திருக்கிறாரா என்று முதல் பக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். இருநூறு பக்கம் முடிந்த பிறகு கேட்டால் மெய்ப்பு வேலை முழுவதும் திரும்ப வரும்.

7. ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன் படியுங்கள்

பதிப்பகத்துக்கு அனுப்பும்போது முழுப் பிரதி, ஒரு பக்கக் கதைச்சுருக்கம், விதி ஏட்டின் அந்த ஒற்றை வாக்கியம் ஆகிய மூன்றும் போதும். சுருக்கத்தில் முடிவையும் சொல்லிவிடுங்கள். பதிப்பாசிரியரிடம் மர்மம் காப்பதில் பயனில்லை.

‘நமக்குள் எதற்கு ஒப்பந்தம்’ என்ற பேச்சு தமிழ்ச் சூழலில் அடிக்கடி கேட்கும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்துடன் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாத நிலையில், பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும். உங்கள் ஆயுளுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நிற்கும் சொத்து இது என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள்.

திகில் எழுத்தாளர்கள் குறிப்பாகப் பார்க்க வேண்டியது, ‘அனைத்து உரிமைகளும்’ என்ற இரண்டு சொற்களை. இந்த வகைக் கதைகளை ஒலிநூலுக்கும் இணையத் தொடருக்கும் திரைப்படத்துக்கும் கேட்டு வருகிறார்கள். பதிப்பகத்துக்கு அச்சுரிமை, தேவைப்பட்டால் மின்னூல் உரிமை என்று தனித்தனியே எழுதுங்கள். மற்றவை உங்களிடமே இருக்கட்டும். ராயல்டிக் கணக்கு ஆண்டில் எந்த மாதம் தரப்படும் என்பதும் எழுத்தில் வேண்டும்.

பணம் வாங்கிக்கொண்டு அச்சிட்டுத் தருபவர் அச்சகச் சேவை செய்கிறார், அது தவறில்லை. ஆனால் அவருக்குக் கட்டணமும் கொடுத்து உரிமையையும் கொடுப்பது தவறு.

8. பக்கம், எண், அட்டை: இந்த வரிசையில்

அச்சில் 16 பக்கம் ஒரு ஃபாரம். நாவல் 209 பக்கத்தில் முடிந்தால், அந்த ஒரு பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் தொடங்க வேண்டியிருக்கும். ஒரு பத்தியைச் சுருக்கினால் 13 ஃபாரத்தில், 208 பக்கத்தில் அடங்கிவிடும். பக்க எண்ணிக்கையும் தாளின் கனமும் தெரிந்தால்தான் முதுகின் அகலம் தெரியும். அது தெரிந்தால்தான் முழு அட்டையை முடிக்க முடியும். முதலில் அட்டையை முடித்தவர்களின் புத்தகங்களில் முதுகுத் தலைப்பு முன்னட்டைக்கு வழிந்து நிற்பதைப் பார்க்கலாம்.

சொந்தமாக வெளியிடுவோர், நூலுக்குரிய தனி அடையாளமான ஐஎஸ்பிஎன் எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையிடம் இணையவழியில் விண்ணப்பித்துக் கட்டணமின்றிப் பெறலாம். ‘வாங்கித் தருகிறோம்’ என்று பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியான 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் கன்னிமாரா உள்ளிட்ட குறித்த பொது நூலகங்களுக்கும் படி அனுப்புவது வெளியிடுபவரின் கடமை. இப்போது அந்த வெளியிடுபவர் நீங்கள்தான்.

அட்டையில் மண்டையோடு, முழுநிலவு, கூந்தல் விரித்த பெண் ஆகிய மூன்றையும் தவிர்க்கச் சொல்வேன். அரங்கு முழுவதும் அவையே இருப்பதால் உங்கள் புத்தகம் தனித்துத் தெரியாது. அட்டையைக் கைப்பேசித் திரையில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். தலைப்பைப் படிக்க முடியவில்லை என்றால் எழுத்துருவை மாற்றச் சொல்லுங்கள்.

பின்னட்டைக்குப் பிரபலம் எழுதிய பாராட்டைவிட, கதையின் சிக்கலைத் தொட்டு நிறுத்தும் ஐந்தாறு வரிகள் அதிகம் உதவும். குழந்தையின் மரணமோ பாலியல் வன்முறையோ கதையில் இருந்தால் ஒரு வரியில் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

9. மின்னூலும் தொடர்கதையும்

அமேசானின் கேடிபி தளத்தில் தமிழ் மின்னூலை நேரடியாக ஏற்றலாம். அதில் செலக்ட் திட்டத்தில் சேர்த்தால், 90 நாட்களுக்கு மின்வடிவில் அந்தக் கதை வேறெங்கும் இருக்கக்கூடாது. 10 சதவீதம் வரையிலான மாதிரிக்கு மட்டும் விலக்கு உண்டு. கைப்பேசிச் செயலியில் தொடராக எழுதியதை நீக்காமலேயே அந்தத் திட்டத்தில் சேர்ப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் விதிமீறல்.

தொடராக எழுதி வாசகரைச் சேர்ப்பது நல்ல வழிதான். ஆனால் ஒவ்வொரு வாரமும் ஒரு திடுக்கிடலில் முடிக்கும் பழக்கம், புத்தகமாக ஒரே மூச்சில் படிக்கும்போது சலிப்பூட்டும். புத்தகமாக்கும் முன் அத்தியாய முடிவுகளில் பாதியையாவது அமைதியாக முடியும்படி திருத்துங்கள்.

10. அறிமுக வேலை: எதைச் சொல்வது, எதை மறைப்பது

மற்ற நாவல்களுக்கு இல்லாத சிக்கல் ஒன்று இங்கே உண்டு: கதையைச் சொன்னால் கதை போய்விடும். ஆகவே சொல்லக்கூடியவற்றின் பட்டியலை முன்பே தயாரியுங்கள். கதை நடக்கும் இடம், அந்த இடத்தின் நம்பிக்கை, நீங்கள் விதித்த மாய விதிகளில் ஒன்று, முதல் அத்தியாயத்தின் முதல் இரண்டு பக்கம் ஆகியவை தாராளமாகப் போதும். மாதிரிக்கு உச்சக்காட்சியைக் கொடுக்காதீர்கள். முன்கதை தெரியாதவருக்கு அது வெறும் கூச்சலாகவே கேட்கும்.

மதிப்புரைக்கான படிகளை அச்சுக்குப் பின் அனுப்பினால், எழுதப்படும்போது காட்சி முடிந்திருக்கும். மெய்ப்பு முடிந்ததும் அக்டோபரிலேயே மின்கோப்பாக அனுப்புங்கள். அட்டையை நவம்பரில், முன்பதிவு தொடங்கும் அதே நாளில் வெளியிடுங்கள். அட்டையைப் பார்த்து வாங்க நினைப்பவருக்கு அந்த நேரத்தில் ஒரு சுட்டி இல்லாவிட்டால், மூன்று வாரம் கழித்து அவர் மறந்திருப்பார்.

வெளியீட்டு விழா வைத்தால் பேச்சாளர்களிடம் ஒரு வரம்பைச் சொல்லிவிடுங்கள். நம் மேடைகளில் நூலைப் பாராட்டுவது என்றால் முழுக்கதையையும் சுவையாகச் சொல்லி முடிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். மூன்றாவது பேச்சாளர் இறங்கும்போது பேய் யாரென்பது கடைசி வரிசைக்கும் தெரிந்திருக்கும். ‘பன்னிரண்டாம் அத்தியாயத்துக்குப் பிறகு நடப்பதைத் தயவுசெய்து தொடாதீர்கள் ஐயா’ என்று பிரதியோடு ஒரு துண்டுச்சீட்டை வைத்து அனுப்பினால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. விற்பனை மேசையை வாசலருகே போட்டு, சில்லறையும் க்யூஆர் அட்டையும் வைத்து, பணம் வாங்குவதற்கென்றே ஒருவரை உட்கார வையுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

11. காட்சி நாட்கள்

ஒரே ஒரு புத்தகத்துக்காகத் தனி அரங்கு எடுப்பது கட்டுபடியாகாது. உங்கள் பதிப்பகத்தின் அரங்கிலோ விற்பனையாளர் அரங்கிலோ படிகளை வைத்து, எத்தனை கொடுத்தீர்கள் என்பதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். காட்சியில் வாசகருக்கு 10 சதவீதத் தள்ளுபடி வழக்கம். விற்பனையாளருக்கான கழிவு வேறு. இரண்டையும் கணக்கிட்ட பிறகே விலையை வைத்திருக்க வேண்டும்.

அரங்கில் நிற்பவரிடம் ‘இது என் நாவல், வாங்குங்கள்’ என்று நீட்டுவதைவிட, ‘பேய்க்கதை படிப்பீர்களா?’ என்று கேட்பது நல்லது. இல்லை என்பவரை விட்டுவிடுங்கள். ஆம் என்பவருக்கு விதி ஏட்டின் அந்த ஒற்றை வாக்கியத்தைச் சொல்லி, புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பேச்சை நிறுத்துங்கள். முதல் பக்கத்தைப் படிக்க அவருக்கு அமைதி வேண்டும்.

12. அதன் பிறகு வருபவை

திகில் எழுதுவோருக்கு வரும் கடிதங்கள் ஒரு தனி ரகம். வீட்டில் ஏதோ இருக்கிறது என்பார்கள், செய்வினைக்குப் பரிகாரம் கேட்பார்கள், கதையில் வந்த மாந்திரீகரின் முகவரியைக் கேட்பார்கள். ‘நான் கதை எழுதுபவன், எனக்குத் தெரியாது’ என்ற ஒரே பதிலை எல்லோருக்கும் கொடுங்கள். ஊகமாகக்கூட ஆலோசனை சொல்லாதீர்கள். குரல் கேட்கிறது, தூக்கமே இல்லை, சாகத் தோன்றுகிறது என்று யாராவது எழுதினால், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணான 14416-ஐக் கொடுத்து, வீட்டாரிடமும் மருத்துவரிடமும் பேசச் சொல்லுங்கள்.

மார்ச் மாதத்தில் கணக்கை முடியுங்கள்: கொடுத்த படி, விற்ற படி, திரும்பிய படி, வரவேண்டிய தொகை. வரி பிடித்தம் செய்து ராயல்டி வந்திருந்தால் அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கி, வருமான வரிக் கணக்கோடு சேருங்கள். நூலகத் துறை நூல்களை வாங்குவதற்கான விண்ணப்பம் அறிவிக்கப்பட்டால் பதிப்பகத்துக்கு நினைவூட்டுங்கள். ஆனால் அந்தக் கொள்முதல் ஆணை வரும் என்று நம்பிக் கூடுதலாக 500 படி அச்சிட்டு வீட்டில் அடுக்காதீர்கள். விற்கும் வேகத்துக்கு ஏற்பச் சிறு எண்ணிக்கையில் மறுஅச்சு போட இப்போது அச்சகங்கள் இருக்கின்றன.

அடுத்த நாவலுக்கான விதி ஏட்டையும் அதே மார்ச்சில் தொடங்கினால், மறுஆண்டு மே மாதம் வரை எழுதக் காலம் கிடைக்கும்.